பதிமூன்றாம் பாடம்

மின்சாரம் போயிருந்தது. பகலில் மின்சாரம் போனால் எங்கள் பக்கத்தில் முதலில் தெரிவது அமைதிதான். ஊரிலுள்ள விசைத்தறிகள் அத்தனையும் ஒரே நொடியில் நின்றுவிடும். அதுவரை காதில் விழாதவை எல்லாம் விழத் தொடங்கும். ஆட்டுக்குட்டி ஒன்று கத்துவது, பக்கத்து வீட்டுக் குக்கர், தென்னை மட்டை ஓட்டில் உரசுவது.

வெள்ளகோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டின் தறிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. என் மனைவி சித்ரா, நின்றுபோன தறியில் அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்போது ராணுவத்தில் இருந்தேன். வடக்கே பனிமலையில் காவல் முறை முடிந்து விடுமுறையில் வந்திருந்தேன். மறுநாள் கோயம்புத்தூரில் பரீட்சை. பி.ஏ. வரலாறு, கடைசித் தாள்.

"எல்லாப் பாடமும் நல்லாத்தான் படிச்சு அனுப்புனே. ஆனா அந்தப் பதிமூணாவது இருக்கு பாரு, அதுதான் ரொம்பத் தெளிவு. தறிச் சத்தமே இல்ல. எங்க உக்காந்து படிச்சே?" என்றேன்.

அவள் விரல் இழையில் நின்றது.

"எதுங்க பதிமூணாவது?"

"நடுகல் பாடம்."

"அது நான் படிக்கவே இல்லீங்க. பன்னெண்டோட நிறுத்திப்போட்டேன். அத்தைக்குக் காய்ச்சல் வந்துருச்சு. அதுக்குள்ள நீங்களும் மேல போயிட்டீங்க, டவர் கெடைக்காதுன்னு சொன்னீங்க. சரி, வந்தா நேர்லயே படிச்சுக் காட்டிக்கலாம்னு விட்டுட்டேனுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு வாசகிக்குப் பதில்

பட்டாளத்தில் இருந்தபடியே பட்டம் வாங்கினேன் என்று சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதித் தாண்டிப் போயிருந்தேன். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அதைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனும் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறானாம். நடக்கிற காரியமா என்று கேட்டிருந்தார்.

நடக்கும். எனக்கு எப்படி நடந்தது என்று சொல்வதில்தான் சிக்கல்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது வரலாறு படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். எங்கள் சொந்தத்தில் அப்போது பையன்களுக்கு இரண்டே வழி. மார்க் இருந்தால் இன்ஜினியரிங். இல்லாவிட்டால் தறி. அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "வரலாறு படிச்சு என்ன பண்ணுவே? செத்துப்போன ராசாக்களுக்கு வேட்டி நெய்து குடுப்பியா?"

பட்டாளத்தில் சேர்ந்தால் சம்பளத்தோடு படிக்கலாம், தொலைதூரப் படிப்புக்கு அனுமதி கொடுப்பார்கள் என்று முத்தூரில் விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து விடிகாலையில் முத்தூர் சாலையில் ஓடினேன். கோயம்புத்தூரில் ஆள் எடுத்தபோது தேறினேன். அப்பாவிடம் நாட்டுக்காகப் போவதாகச் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் பெட்டியில் முதலில் வைத்தது வரலாற்றுப் புத்தகத்தை.

அனுமதி உண்மையிலேயே கொடுத்தார்கள். தமிழ்வழியில் சேர்ந்தேன். தேர்வு மையம் கோயம்புத்தூர். விடுமுறையில் வந்து எழுதிவிட்டுப் போக வேண்டும். பரீட்சைக்குத் தேதி குறிப்பவர்களுக்கும் பட்டாளத்தில் விடுமுறை கொடுப்பவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒரு வருடம் விடுமுறை முடிந்த மறுவாரம் பரீட்சை வரும். இன்னொரு வருடம் பரீட்சையன்று நான் ரயிலில் இருப்பேன். மூன்று வருடப் படிப்பு ரப்பர் போல நீண்டது. மற்றதெல்லாம் தேறி, தமிழகத் தொல்லியல் என்ற ஒரு தாள் மட்டும் நின்றுவிட்டது.

அந்த முறை அதை எழுதித் தேறாவிட்டால் பதிவுக் காலம் முடிந்துவிடும். எழுதிய தாள்கள் எல்லாம் செல்லாது. நான் பட்டாளத்தை விட்டு வெளியே வரும் காலமும் நெருங்கியிருந்தது. கோவையில் ஒரு நாளிதழில் என்னுடைய சில கட்டுரைகளைப் போட்டிருந்தார்கள். அங்கிருந்த செய்தி ஆசிரியர், "எழுத்து சரிங்க, டிகிரி இல்லாம உள்ள எடுக்க முடியாது. வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்" என்றிருந்தார். அந்தத் தாள் போனால் அதுவும் போகும். முப்பத்தைந்தை நெருங்கும் வயதில், வெறும் பன்னிரண்டாம் வகுப்புக்காரனாக, எந்தத் தறியிலிருந்து ஓடினேனோ அதே தறிக்குத் திரும்ப வேண்டும்.

உப்புப் போட்டியா

மேலே காவலுக்குப் போகிறவன் தன் சுமையைத் தானே தூக்க வேண்டும். பனியில் ஒவ்வொரு பொருளும் கீழே இருந்ததைவிடக் கனக்கும். பாடத்திட்டம் மாறி அந்த வருடம்தான் புதுப் புத்தகம் வந்திருந்தது. செங்கல் கனம். அதை வீட்டிலேயே விட்டேன். சித்ரா, "நான் படிச்சு போன்ல அனுப்பறனுங்க. நீங்க காதுல போட்டுக் கேட்டுக்குங்க" என்றாள்.

அவளும் பன்னிரண்டாம் வகுப்பு. கல்யாணத்தால் நின்ற படிப்பு. தறி ஓட்டிக்கொண்டே நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு பாடமாகப் படித்து அனுப்பினாள்.

எல்லாப் பதிவும் ஒரே மாதிரி தொடங்கும். "ஏனுங்க, கேக்குதுங்களா?" பிறகு பாடம். பின்னணியில் ஓயாத தறி. எங்கள் தறியை நிறுத்தினாலும் பக்கத்துத் தறி, அதற்கடுத்த தறி. சடக், சடக் என்று அது ஓட, அதன் மேல் ஏறி அவள் பெருங்கற்காலத்தைப் படிப்பாள். வாயில் நுழையாத பெயர் வந்தால், "இந்தப் பேரை நீங்களே பாத்துக்குங்க" என்று தாண்டிவிடுவாள். ஐந்தாம் பாடத்தில் தாழிகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் என் அம்மா உள்ளேயிருந்து "கொழம்புக்கு உப்புப் போட்டியா?" என்று கேட்பது பதிவாகியிருந்தது. முதுமக்கள் தாழி என்றால் இன்றும் எனக்கு அந்தக் கேள்வியோடுதான் நினைவு வரும்.

மலையடிவார முகாமில் சிக்னல் கிடைத்தது. அங்கே இருந்தவரை வந்ததையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். பிறகு மேலே ஏறினோம்.

காதில் விழுவது

மேலே ஒரு சிறிய குடில். சுற்றிலும் வெள்ளை. பகல் அங்கே இரவைவிடக் கடினம். கண்ணாடி இல்லாமல் வெளியே பார்க்க முடியாது. பார்த்தாலும் மேல் எது கீழ் எது என்று பிடிபடாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. என் ஜோடி ஹவில்தார் யூசுப். கோயம்புத்தூர் உக்கடத்துக்காரர். எனக்கு மூத்தவர், ஓய்வு பெறப் போகிறவர். என்னை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஜோடியின் வேலை, மற்றவரின் விரல் நுனி கறுக்கிறதா என்று பார்ப்பது, சாப்பிட்டானா என்று பார்ப்பது, பேச்சைக் கவனிப்பது. மூன்றாவதுதான் முக்கியம். காற்று குறைந்த உயரத்தில் மூளை சில விளையாட்டுகள் விளையாடும். அங்கே இருந்தவர்கள் யாரும் இதை வெட்கமாக நினைப்பதில்லை. ஒருவருக்குத் தன் வீட்டு நாய் குரைப்பது கேட்டதாம். ஒருவர் கூடுதலாக ஒரு தட்டு வைத்தாராம். உங்கள் ஜோடி யாருமில்லாத இடத்துக்குப் பதில் சொன்னால் நீங்கள் அதை ரேடியோவில் சொல்லியாக வேண்டும். அவரைக் கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் வைத்துவிடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது.

எனக்கு அப்படி நேர்ந்தால் பரீட்சை போச்சு. அதனால் பேச்சைக் குறைத்தே வைத்திருந்தேன்.

காற்று ஓயாமல் அடித்த நாள்கள் சில வந்தன. வெளியே போக வழியில்லை. குடிலுக்குள் சுவரில் சாய்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டேன். பன்னிரண்டு முடிந்து பதிமூன்று வந்தது.

"கேக்குதா?" என்றது குரல்.

"கேக்குது" என்றேன், பழக்க தோஷத்தில், வாய்விட்டு.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த யூசுப் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி துடைத்தார்.

சித்ராவின் குரல்தான். வழக்கமான 'ஏனுங்க' இல்லை. அவசரத்தில் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். போரில் இறந்தவர்களுக்கும், மாடுகளை மீட்கப் போய் இறந்தவர்களுக்கும், புலியோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கும் ஊரார் கல் நட்டதைப் பற்றிய பாடம். அவள் எங்கேயும் தடுமாறவில்லை. எந்தப் பெயரையும் தாண்டவில்லை. தறி ஓடவில்லை. தறிக்குப் பதில் கொஞ்சம் தொலைவில் யாரோ கல்லில் துணி துவைக்கும் சத்தம். தப் என்று ஓர் அடி. துணியைத் தோளுக்கு மேல் தூக்கும் நேரம் வரை ஒன்றுமில்லை. மறுபடி தப்.

கிணற்றுப் பக்கம் போய் உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு நினைப்பில் மனம் இளகியது. அவ்வளவுதான் அன்று நடந்தது.

விரல் வைத்து ஒரு சோதனை

தறிக்கூடத்துக்குத் திரும்புகிறேன். போனை எடுத்து அவளிடம் காட்டப் போனேன். பதிவுகள் பன்னிரண்டு இருந்தன. அழிந்துபோயிருக்கும் என்றேன். அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அனுப்பியதும் பன்னிரண்டுதான்.

சித்ரா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பதிமூன்றாம் பாடத்தை விரித்து, புத்தகத்தின் முதுகு என் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன். அவள் வரியின் மேல் விரலை வைத்து ஓட்டினாள். விரல் எங்கேயும் நிற்கவில்லை. பக்கம் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அம்மா வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மனப்பாடமா வெச்சிருக்கறானே. அப்பறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கறீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"நான் அனுப்பாத பாடத்தை இவரு கேட்டுட்டு வந்திருக்கறாருங்க அத்தை."

"குளுருக்குக் காது மந்தமாயிரும்னு சொன்னாங்க," என்றார் அம்மா. "இவனுக்கு அதிகமாக் கேக்குதாட்ட இருக்குது." சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

பாடத்தின் கடைசிக்கு வந்தபோது விரல் நின்றது.

"மறுக்காச் சொல்லுங்க."

சொன்னேன். இத்தகைய கற்கள் பல இன்று நீர்நிலைகளின் ஓரத்தில் முகம் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வீரன் கையில் ஆயுதம் இல்லை. வலக்கையைக் காதருகே வைத்து, எதையோ கேட்பவன் போல் நிற்கிறான்.

"இது புக்குல இல்லீங்களே," என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். பாடம் அதற்கு முந்தைய பத்தியோடு முடிந்து, பயிற்சி வினாக்கள் தொடங்கியிருந்தன.

விளக்கங்களைத் தேடினேன். புத்தகம் வந்த புதிதில் ஒருமுறை புரட்டியிருக்கலாம். புரட்டியது நினைவில்லை, ஆனாலும் அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். புரட்டியதில் ஒரு பாடம் வரிக்கு வரி பதியுமா? அதில் இல்லாத ஒரு பத்தி எங்கிருந்து வந்தது?

"துணி துவைக்கிற சத்தம் கேட்டுச்சு. நம்ம கெணத்துமேட்டுக் கல்லுல துவைக்கிற மாதிரியே," என்றேன்.

"அந்தக் கல்லுலயா? அதுல ஆருங்க இப்பத் தொவைக்கிறா? கெணறு வத்துனதுல இருந்து அந்தப் பக்கம் ஆரும் போறதே இல்ல. மெஷின் வந்து எத்தன வருசமாச்சு."

அப்போது மின்சாரம் வந்தது. ஊர் முழுக்கத் தறிகள் ஒன்றாகக் கிளம்பின. சித்ராவின் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

என் பயம் பேயைப் பற்றியது அல்ல. மறுநாள் பரீட்சை. எனக்குத் தெரிந்ததில் எது பாடம், எது பனி என்று எனக்கே தெரியவில்லை. பதிமூன்று இப்படி என்றால் மற்ற பன்னிரண்டை எப்படி நம்புவது? வெளிச்சம் இருந்தவரை சித்ரா தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பாடமாகக் கேள்வி கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் விரலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். மற்றவை எல்லாம் புத்தகத்தில் இருந்தன.

ஒரு கோடு

தேர்வுக்கூடம் கோயம்புத்தூரில் ஒரு பழைய கல்லூரி. தொலைதூரப் படிப்புக்காரர்களின் கூட்டம் ஒரு தனிக் கூட்டம். எனக்கு முன்னால் சீருடை மாற்றாமல் வந்த பேருந்து நடத்துநர். பக்கத்தில் கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் விட்டுவந்த பெண். குழந்தை அழும்போதெல்லாம் அவர் பேனா நின்று, பிறகு ஓடியது.

வினாத்தாளில் கட்டுரைப் பகுதியின் முதல் கேள்வி நடுகற்கள் பற்றி.

எழுதத் தொடங்கினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுத எழுத அதன் சத்தம் குறைந்துகொண்டே போனது. யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிறவனைப் போலக் கை ஓடியது. நிமிர்ந்தபோது கடைசிப் பத்தியையும் எழுதி முடித்திருந்தேன். நீர்நிலைகளின் ஓரம். காதருகே கை.

அதைப் படித்துப் பார்த்தேன். திருத்துபவர் கையில் புத்தகம் இருக்கும். இல்லாத கல்லை எழுதினால் மொத்தக் கட்டுரையும் கட்டுக்கதை என்று நினைக்கலாம். இந்த ஒரு கேள்வியில்தான் தேர்ச்சியே தொங்கிக்கொண்டிருந்தது. பத்தியின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டேன்.

கோடு போட்ட அந்த நொடியில் மின்விசிறிச் சத்தம் திரும்ப வந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்தது. எப்போதிருந்து அழுதது என்று தெரியவில்லை.

உக்கடத்தில் ஒரு டீ

பரீட்சை முடிந்து நேராக உக்கடம் போனேன். யூசுப் அண்ணன் அதற்குள் ஓய்வு பெற்று, பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய குளத்தின் கரையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். குளத்தில் நாரைகள் நின்றிருந்தன.

"எழுதிட்டியா வெள்ளகோயிலு?"

"எழுதிட்டேண்ணா."

"முடிஞ்சுதா? இனிமே ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"இல்ல."

அவர் டீயை ஒருமுறை ஆற்றினார். "அப்பச் சொல்லலாம். பரீட்சைக்கு முன்னாடி சொன்னா நீ பேனாவத் தொட்டிருக்க மாட்டே. அன்னிக்கு, காத்தடிச்சுட்டு இருந்த அன்னிக்கு, காதுல மாட்டிட்டுப் பாடம் கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உன் போன் என் தூக்கப் பையில இருந்துச்சுடா. பேட்டரி செத்துப்போச்சு, சூட்டுல கெடக்கட்டும்னு நீதான் காலையில குடுத்தே. அந்த ஒயரோட முனை உன் மடியில சும்மாக் கெடந்துச்சு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"இன்னொண்ணும் சொல்றேன். நீ கேட்டுட்டு இருக்கல. சொல்லிட்டு இருந்தே. மொதல்ல 'கேக்குது'ன்னு சொன்னே. அப்புறம் பக்கம் பக்கமா நீதான் படிச்சே. மூச்சு வாங்குது, நிறுத்த மாட்டேங்கிறே. கல்லு, வீரன், மாடுன்னு. கையில புஸ்தகம் இல்ல, முன்னால ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏண்ணா ரேடியோவுல சொல்லல?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன்," என்றார். "என் சர்வீஸ்ல ரெண்டு பேரைப் பாத்திருக்கேன். அவங்களுக்குக் கேட்ட குரல் வெளிய வா, வெளிய வான்னு கூப்பிட்டுச்சு. உனக்கு அப்படிக் கூப்பிடல. உக்கார வெச்சு டிகிரி பாடம் நடத்துச்சு. பாடம் நடத்துறவங்களை எதுக்குடா தொந்தரவு பண்ணணும்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தோம் என்று தோன்றியது.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சித்ராவிடமும் சொல்லவில்லை. இந்த இதழ் அச்சான பிறகுதான் அவளுக்கே தெரியும்.

கவிழ்ந்து கிடந்தது

தேறினேன். மதிப்பெண் நினைவில் வைத்துக்கொள்ளும்படி இல்லை. பட்டாளத்திலிருந்து வெளியே வந்ததும் செய்தி ஆசிரியர் சொன்ன சொல் தவறாமல் உள்ளே எடுத்துக்கொண்டார். கோவையில் அறை எடுத்துத் தங்கி, வார விடுப்புக்கு ஊருக்கு வருவது என்று ஆயிற்று.

அந்தக் கோடையில் வற்றிய கிணற்றை மூடிவிடலாம் என்று அம்மா சொன்னார். ஆடு ஒன்று விழுந்துவிட்டது. பொக்லைன் வந்தது. நான் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தேன். வண்டிக்காரர் மண்ணைத் தள்ளுவதற்கு முன், துவைக்கிற கல்லைக் காட்டி, "இதையும் உள்ள தள்ளிரலாங்களா?" என்றார்.

"மொதல்ல திருப்புங்க," என்றேன்.

இரும்புப் பல்லைக் கீழே கொடுத்துப் புரட்டினார். கல் பெயர்ந்து நிமிர்ந்தது. அடிப்பக்கத்தில் ஈரமண் அப்பியிருந்தது. அதில் பூரான் ஓடியது. சித்ரா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

ஓர் ஆள். தலையில் பக்கவாட்டுக் கொண்டை. இடுப்பில் கச்சை. வலக்கை மடங்கி, காதருகே இருந்தது.

வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சித்ரா குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். காலங்காலமாக எங்கள் வீட்டார் அவர் முதுகில்தான் துணி துவைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. தட்டையான கல் கிடைத்தால் உருவமோ எழுத்தோ இருக்கும் பக்கத்தைக் கீழே போட்டு, வழவழப்பான பக்கத்தை வேலைக்கு வைத்துக்கொள்வோம்.

ஈரோட்டில் ஒரு கல்லூரியில் தொல்லியல் நடத்துபவரை வரவழைத்துக் காட்டினேன். அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"காதுல கை வெச்சிருக்கற மாதிரித் தெரியுதுங்களா? அது நாண் இழுக்கறதுங்க. அம்பை முழுசா இழுத்தா கை காதுக்குத்தான் வரும். இடது பக்கம் வில்லு இருந்திருக்கும், தேஞ்சுபோச்சு. சாதாரண நடுகல்லுதானுங்க."

சரியான விளக்கம். நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஒரு செய்தியாளனாக அவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கும் விதம் தெரியாமல் டீ குடிக்கக் கூட்டிப்போனேன். கல்லை இப்போது தோட்டத்து மூலையில் நிறுத்தியிருக்கிறோம். அம்மா வெள்ளிக்கிழமை ஒரு பூ வைக்கிறார்.

சித்ராவின் முறை

"உங்க டிகிரியில பாதி எனக்குத்தானுங்க. மீதியையும் வாங்கிப்போடறேன்," என்று சொல்லி அடுத்த ஆண்டு சித்ரா அதே படிப்பில் சேர்ந்தாள். இந்த வருடம் அவளுக்குத் தொல்லியல் தாள்.

இப்போது படித்து அனுப்புவது நான். அலுவலக மொட்டை மாடியில், வேலை தொடங்கும் முன், போனில் பேசிப் பதிவு செய்வேன். பின்னணியில் அவினாசி சாலைப் போக்குவரத்து. அவள் தறி ஓட்டிக்கொண்டே காதில் போட்டுக் கேட்பாள். பன்னிரண்டு பாடம் அனுப்பியிருந்தேன். பதிமூன்றைத் தள்ளிப்போட்டேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஊருக்குப் போனபோது பிற்பகல். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதருகே குனிந்து, "பதிமூணாவது இன்னும் படிக்கல. நாளைக்கு உக்காந்து நேர்ல படிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அவள் தறியை நிறுத்தினாள்.

"வேண்டாமுங்க. கேட்டுட்டேன்."

"எப்ப?"

"புதங்கெழமை மத்தியானம். நல்லாத்தான் படிச்சீங்க, மூச்சுதான் வாங்குச்சு. சளி புடிச்சிருக்குதோன்னு நெனச்சேன். கேக்கலாம்னு இருந்தேன், மறந்துபோச்சு."

அவள் போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"பின்னால ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா? வண்டிச் சத்தம்?"

"வண்டி எதும் இல்லீங்க. காத்துதான். விடாம அடிச்சுட்டே இருந்துச்சு."

"ஆடிக் காத்து மாதிரியா?"

அவள் யோசித்தாள். "இல்லீங்க. நம்மூருக் காத்து மண்ணை வாரிட்டு வரும், சத்தத்துலயே தெரியும். இதுல மண்ணே இல்லீங்க."

அறுந்திருந்த ஓர் இழையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, பெரிதாக எண்ணாதவள் போல, "ஆரம்பத்துல எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"எப்படி?"

"எடுத்ததும் 'கேக்குது'ன்னு சொன்னீங்க. ஆரும் ஒண்ணும் கேக்காமயே."

நான் பதில் சொல்வதற்குள் அவள் தறியை முடுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.